ஆறு நாழி நெல்லும் இரண்டு ஜிபி டேட்டாவும்
கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து மேல்நிலைக் கணினிக் கல்வியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2025 ஜூலை 27 அன்று பிரதமர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்துபோனார். ராஜேந்திரனின் கடல்கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு, ஆடித் திருவாதிரை, நினைவு நாணயம், இளையராஜாவின் இசை என்று ஊர் ஒரு வாரம் தூங்கவில்லை. கப்பலைப் பற்றிப் பேசினார்கள். கங்கை நீரைப் பற்றிப் பேசினார்கள். சோழகங்கம் ஏரியைப் பற்றிக்கூடப் பேசினார்கள். இந்த ராஜா யாருக்குப் படிப்புச் சொல்லிவைத்தான், யாருக்கு எவ்வளவு அளந்து கொடுத்தான் என்று மட்டும் யாரும் பேசவில்லை. அதற்கும் கல்வெட்டு இருக்கிறது. மேடைக்கு ஆகாத கல்வெட்டு.

இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்றைப் பற்றிய சாசனம் அது. இளநிலை மாணவர்கள் 270 பேர், முதுநிலை மாணவர்கள் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர். இவர்களுக்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி. இருக்கு, யசுர் என்று வேதம் ஓதுகிறவர்கள், ரூபாவதாரம் என்ற இலக்கணம் படிக்கிறவர்கள், மீமாம்சையில் பிரபாகரம் படிக்கிறவர்கள், வேதாந்தம் படிக்கிற பத்துப்பேர் என்று தலையெண்ணி எழுதிவைத்திருக்கிறார்கள். இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. நீலகண்ட சாஸ்திரி முதல் பலரும் இதைச் சோழர் கல்விச் சிறப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சிறப்புதான். ஆனால் அந்த 340 பேரில் நெல்லை விளைவித்தவன் வீட்டுப் பிள்ளை ஒருத்தன்கூட இருந்திருக்க முடியாது. உழுதவன் அந்தச் சாசனத்துக்குள் ஆளாக நுழையவில்லை. 45 வேலிக்குள் மறைந்து கிடக்கிறான்.

இப்போது இன்னொரு சாசனம். 2021 ஜனவரி 10 அன்று தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆன்லைன் வகுப்புகளில் கலந்துகொள்ள வசதியாகக் கல்லூரி மாணவர்கள் சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு எல்காட் மூலம் இலவச டேட்டா கார்டு. நாளொன்றுக்கு இரண்டு ஜிபி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை. இந்தப் பட்டியலில் பிளஸ் டூ மாணவர்கள் இல்லை.

ராஜேந்திரனையும் ஒரு ஜனநாயக அரசையும் ஒரே தராசில் நிறுத்துவது என் நோக்கமல்ல. இடையில் ஆயிரம் ஆண்டு இருக்கிறது. இடஒதுக்கீடு, சத்துணவு, அரசுப் பள்ளி, இலவச பஸ் பாஸ் என்று போராடிப் பெற்றவை இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை. ஆனால் ஒரு வடிவம் மட்டும் மாறாமல் தொடர்வதாக எனக்குப் படுகிறது. அறிவு மேலிருந்து அளந்து வழங்கப்படுகிறது. அளவு துல்லியமாக எழுதப்படுகிறது. அளக்கும் இடத்துக்கு வந்து நிற்க யாரால் முடியும் என்ற கேள்வி மட்டும் எழுதப்படாமல் விடப்படுகிறது. எங்கள் பகுதியில் மேல்நிலைக் கணினிக் கல்வி கடந்து வந்த பாதையை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க முயல்கிறேன்.

ஆதாரம் எது என்று கேட்பீர்கள். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல்லை எடுத்துப்போனார்கள். கல்லில் எழுதியதற்கே அந்தக் கதி. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேபுக்குக் கல்வெட்டு ஏது? ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர் இருக்கும், அவ்வளவுதான். மீதியை எங்கள் ஞாபகத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

2

முதல் கட்டத்தை 'இயந்திரமில்லாத பாடம்' என்று சொல்லலாம்.

இந்தியப் பள்ளிகளுக்குள் கணிப்பொறி ஒரு தேசியத் திட்டமாக நுழைந்தது 1984-85இல். 'கிளாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அத்திட்டத்தில் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ இயந்திரங்கள் வந்தன. 21ஆம் நூற்றாண்டு என்ற சொல்லாடல் டெல்லியில் உச்சத்திலிருந்த காலம் அது. உடையார்பாளையம் தாலுகாவுக்கு அந்த நூற்றாண்டு வந்துசேரக் கொஞ்சம் தாமதமானது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி என்ற அமைப்பே 1978இல் வந்ததுதான். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பரவலானது 1999க்குப் பிறகு. எல்காட் மூலம், தனியார் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் வழியாக, இயந்திரமும் வந்தது, சொல்லிக்கொடுக்கிற ஆளும் வந்தார். இயந்திரம் குத்தகை, ஆளும் குத்தகை.

நான் பிளஸ் டூ படித்தது 2007-08. பள்ளியின் பெயர் வேண்டாம். அன்று அப்படித்தான் பல பள்ளிகள் இருந்தன. எங்கள் புத்தகத்தின் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ், இரண்டாம் தொகுதி சி பிளஸ் பிளஸ். இலவச மென்பொருள் ஒன்றைப் பாடமாக வைத்தது நல்ல முடிவு என்று பின்னால் புரிந்தது. அன்றைக்கு எங்கள் லேபில் ஸ்டார் ஆபீஸ் கிடையாது. ஆறு இயந்திரங்களில் இரண்டு ஓடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். வாரத்துக்கு ஒருநாள் போவோம், கரண்ட் இருந்தால். மெனுவை எல்லாம் மனப்பாடம் செய்தோம். எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். திரையில் அதைப் பார்த்தது கிடையாது. போகாத ஊரின் தெருப் பெயர்களை ஒப்பிப்பது மாதிரி.

சி பிளஸ் பிளஸ் பாடத்தில் சில கலைச்சொற்கள் வரும். கிளாஸ் என்பதற்குத் தமிழ் 'இனக்குழு'. இன்ஹெரிட்டன்ஸ் என்பதற்கு 'மரபுரிமம்'. ஓர் அடிப்படை இனக்குழு இருக்கும். அதிலிருந்து தருவிக்கப்பட்ட இனக்குழு பண்புகளைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் அடிப்படை இனக்குழு பிரைவேட் என்று வைத்துக்கொண்ட உறுப்புகளைத் தருவிக்கப்பட்ட இனக்குழு நேரடியாகத் தொட முடியாது. அவை உள்ளே இருக்கும், அணுகத்தான் முடியாது. இந்தக் கலைச்சொல்லாக்கத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்று படித்திருந்தால் வெறும் நிரல் இலக்கணமாகப் போயிருக்கும். தமிழில் படித்ததால்தான், தெரு பிரித்து வாழ்கிற ஊரிலிருந்து வந்த எங்களுக்கு, அந்தப் பக்கம் உறைத்தது. பின்பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "இது நம்ம ஊரு கதைடா." பூட்டிய லேபின் சாவி யார் கையில் இருந்தது என்பதை வைத்துச் சொன்னான்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயந்திரம் இல்லாமல் நடந்த அந்தப் படிப்பை முழுத் தோல்வி என்று ஒதுக்க முடியாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எங்களில் பலர் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தோம். சிலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். நான் ஜெயங்கொண்டத்தில் பிரவுசிங் சென்டர் வைத்தேன். பாடம் எங்களுக்கு அறிவாக வரவில்லை, தகுதியாக வந்தது. விளிம்பிலிருந்து வருகிறவனுக்குத் தகுதியும் ஒரு ஆயுதம்தான். ஆனால் தகுதியைக் கொடுத்துவிட்டு அறிவைப் பிடித்துவைத்துக்கொள்வது பிரைவேட் உறுப்பு வைத்துக்கொள்கிற வேலைதான்.

3

இரண்டாம் கட்டம் 'ஆசிரியரில்லாத இயந்திரம்'.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் மட்டும் 9 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு என்று திட்டம். இதை வெறும் ஓட்டு அரசியல் என்று எழுதியவர்கள் பெரும்பாலும் வீட்டில் கணினி உள்ளவர்கள். எங்கள் பக்கத்தில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிற வீட்டுக்குள், கரண்டு கட்டாகிற வீட்டுக்குள், முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது அந்தத் திட்டத்தால்தான். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வு இந்திய கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்தினரிடம்தான் கணினி இருந்ததாகச் சொல்கிறது. அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் ஒரு கூலிக்காரர் வீட்டு அலமாரியில் மடிக்கணினி இருந்தது எவ்வளவு பெரிய உடைப்பு என்று விளங்கும்.

ஆனால் அதே காலத்தில் அந்த இயந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்கு என்ன நடந்தது? குத்தகையில் வந்தார்களே, அவர்கள் பல ஆண்டு சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். 2008இல் அவர்களுக்குச் சிறப்புத் தேர்வு வைத்தார்கள். தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று வழக்கு வந்தது, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் 652 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பாடத்தைப் பள்ளிக்குள் தூக்கிச் சுமந்தவர்கள். இன்னொரு பக்கம் கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் வேலையில்லாமல் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கணினியைத் தனிப்பாடமாக்கு என்று அவர்கள் கேட்காத அரசு இல்லை.

பிறகு 2019 ஜூன் 23 அன்று 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் கணினி வழியில் தேர்வு நடத்தியது. சில மையங்களில் சர்வர் கோளாறு, தேர்வர்கள் மறியல் என்று செய்தி வந்தது. கணினி ஆசிரியராகப் போகிறவர் கணினி முன்னால் உட்கார்ந்து, கணினி வேலை செய்யவில்லையே என்று தெருவுக்கு வந்து நின்ற காட்சி. எங்கள் கல்வி வரலாற்றில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

நடுவில் நல்லது நடக்காமல் இல்லை. 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றை நான் வாங்கி வாசித்தேன், பொறாமையோடுதான். பதினொன்றில் விண்டோசோடு உபுண்டுவும் இருக்கிறது. கணிமைச் சிந்தனை என்ற பகுதி இருக்கிறது. தமிழ்க் கணிமைக்கென்று ஒரு பாடமே இருக்கிறது. பன்னிரண்டில் பைத்தான். செயற்கூறிலிருந்து தொடங்கி, தரவுத்தளம் தாண்டி, தரவை வரைபடமாகக் காட்டுவது வரை 16 பாடங்கள். மெனுவை மனப்பாடம் செய்த எங்கள் தலைமுறைக்கு இது கனவு. பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு வேறு. போனைக் காட்டினால் பாடம் காணொளியாக விரியும். அதாவது, ஆன்லைன் கல்வி கொரோனாவோடு வந்ததல்ல. அதற்கு முன்பே பாடநூலின் ஓரத்தில் கறுப்புக் கட்டமாக வந்து உட்கார்ந்திருந்தது. 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம், 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்று எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தன. தயாராகாதது இந்தக் கட்டத்தைக் காட்டுவதற்கான போன் வீட்டில் யாரிடம் இருக்கிறது, அது பகலில் எங்கே இருக்கும் என்ற கணக்குதான். பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும்.

4

மூன்றாம் கட்டம் 'பள்ளியில்லாத வகுப்பு'.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. என் அக்கா மகள் அந்த ஆண்டு பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு. ஊர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்குள் சிக்னல் வராது. மாளிகைமேடு என்று சொல்கிறோமே, 1980 தொடங்கித் தொல்லியல் துறை தோண்டிச் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தை வெளியே கொண்டுவந்த இடம், அந்தப் பக்கம் போனால் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். பிள்ளைகள் அங்கே கூடின. கையில் ஆளுக்கொரு போன் இல்லை. நாலு பேருக்கு ஒன்று.

ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். நோட்டில் எழுதிய பைத்தான் நிரல். ஓர் எண்ணின் தொடர்பெருக்கலைக் கண்டுபிடிப்பது. பார்த்துவிட்டு, ஃபார் வரிக்குக் கீழே உள்ள வரியைத் தள்ளி எழுதணும், இல்லாவிட்டால் ஓடாது என்றேன்.

"தள்ளித்தான மாமா எழுதியிருக்கேன்?"

"அது பத்தாது பாப்பா. நாலு இடம் விடணும்."

"நோட்டுல நாலு இடம்னா எவ்வளவு மாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. பைத்தானில் இடைவெளி என்பது அழகுக்காக விடுவது அல்ல, இலக்கணம். எந்த வரி எந்த வரிக்குக் கட்டுப்பட்டது என்பதை அந்த வெற்றிடம்தான் சொல்கிறது. விசைப்பலகையில் அது வழக்கமாக நாலு தட்டு. ஒரே கட்டுக்குள் ஒரு வரிக்கு மட்டும் ஒரு தட்டு கூடினாலும் குறைந்தாலும் இயந்திரம் பிழை சொல்லும், நாம் திருத்துவோம், கை பழகிவிடும். நோட்டில் அது பெருவிரல் அகலமா, சுண்டுவிரல் அகலமா? நோட்டு பிழை சொல்லாது. கல்வித் தொலைக்காட்சியும் சொல்லாது. அங்கே ஆசிரியர் எழுதும் நிரல் எப்போதும் சரியாகவே ஓடும்.

இந்த இடத்தில்தான் நான் இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். நிரலெழுதக் கற்பது என்பது சரியான விடையைக் கேட்டுக்கொள்வது அல்ல. பிழையோடு மல்லுக்கட்டுவது. அந்தப் பிழையையும் தனியாளாகத் திருத்துவது அபூர்வம். லேபில் ஒரு இயந்திரத்துக்கு இரண்டு பேர் உட்காருவார்கள். இதை வறுமையின் அடையாளமாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். ஆனால் ஒருத்தி தட்ட, இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருந்து "ஏய், அரைப்புள்ளி விட்டுட்டடி" என்று சொல்கிற அந்த நொடியில்தான் படிப்பு நடக்கிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரி எட்டிப் பார்ப்பதில் நடக்கிறது. ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் திரையில் ஒரு வரியை விரலால் காட்டிவிட்டுப் போவதில் நடக்கிறது. ஆன்லைன் கல்வி என்று எங்களுக்கு வந்ததில் பாடப்பொருள் எல்லாம் இருந்தது. பிழைக்கு மட்டும் இடமில்லை. பிழை செய்ய இடமில்லாத இடத்தில் கணினி அறிவியலும் ஓதுவது மாதிரிதான் ஆகிப்போகும். ரூபாவதாரம் ஓதினார்கள், இவர்கள் பைத்தானை ஓதினார்கள்.

இவான் இலிச்சை வாசித்த நண்பர்கள் இதற்கு மாறாகப் பேசுவார்கள். பள்ளி ஒழிந்தால் நல்லதுதானே என்பார்கள். 1971இல் வந்த தன் நூலில் இலிச் பள்ளியற்ற சமூகத்தை முன்வைத்தார். கற்கும் பொருட்களை அணுகும் வழி, திறன் பரிமாற்றம், ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ளவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவிடுவது, கற்பிப்போரைத் தேடிக் கண்டடையும் வழி என்று நாலு வலைப்பின்னல்களைச் சொன்னார். இந்தச் சேர்த்துவிடும் வேலைக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்தலாம் என்று அப்போதே எழுதினார். நானும் ஒரு காலத்தில் அதில் மயங்கிக் கிடந்தவன்தான். ஆனால் 2020இல் எங்கள் ஊரில் நடந்தது என்ன? பள்ளி போனது, வலைப்பின்னல் வரவில்லை. இலிச் உடைக்கச் சொன்ன நிறுவனத்தின் அதிகாரமான பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த நிறுவனம் கொடுத்துவந்த மதியச் சோறு, பெஞ்சு, கூட்டாளி, மரத்தடி மட்டும் போய்விட்டன. பள்ளி நீக்கப்பட்டபோது எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வீட்டைவிட்டு வெளியே வர இருந்த ஒரே காரணமும் நீங்கியது. பையன்கள் முந்திரித் தோப்புக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். பள்ளியின் சுவரைச் சிறைச்சுவராக மட்டுமே பார்க்கிற கோட்பாடு, அந்தச் சுவருக்குள்தான் ஒரு சேரிப் பெண் நிழலில் உட்கார்ந்தாள் என்பதைப் பார்க்கத் தவறுகிறது.

அரசு அதிகாரிகளுக்கு இது தெரியாமலில்லை. 2020 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பள்ளிக்கு வரச்சொல்லி, அவர்களுடைய மடிக்கணினியில் பாடக் காணொளிகளை ஏற்றித் தரும் ஏற்பாடு செய்தார்கள். ஆன்லைன் கல்வி என்று பெயர், ஆனால் நேரில் போய்த்தான் வாங்கிவர வேண்டும். சிரிக்க வேண்டாம். அந்த ஆண்டில் நடந்தவற்றில் நிலத்துக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் இணையம் இல்லை, இயந்திரம் இருக்கிறது என்ற உண்மையை ஒத்துக்கொண்ட ஏற்பாடு. அப்பாவின் போனில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்பு எப்போதோ 'இலவசம்' என்று ஏளனம் செய்யப்பட்ட மடிக்கணினிதான் கைகொடுத்தது.

கடைசியில் மதிப்பெண். 2021 ஜனவரி 19இல் பத்து, பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு நடந்தது. இரண்டாம் அலை வந்தது. ஜூன் 5 அன்று பிளஸ் டூ எழுத்துத் தேர்வை ரத்து செய்தார்கள். சரியான முடிவு, அதில் சந்தேகமில்லை. மதிப்பெண்ணை எப்படிக் கொடுப்பது? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறையும் அகமதிப்பீடும் 30 சதவீதம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கணினி அறிவியலில் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டு முழுவதற்கும் கணக்கில் வந்தது செய்முறையும் அகமதிப்பீடும்தான். எந்த ஆண்டில் செய்துபார்க்கவே இடமில்லாமல் போனதோ, அந்த ஆண்டில் செய்முறையைக் கொண்டு அளந்தார்கள். அக்கா மகளுக்கு நல்ல மார்க் வந்தது. "நான் ரெண்டு மாசந்தான் மாமா கீபோர்டத் தொட்டேன்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

5

பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளம் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளியிலிருந்து குத்தகைக்கு ஆள் பிடிக்கவில்லை. கணக்கு, அறிவியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களையே பயிற்றுவித்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐடி ஒரு பாடமானது. கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் கணினி மன்றங்கள் வந்தன. பாடம், ஆசிரியர், இயந்திரம் மூன்றும் ஒரே காலத்தில், ஒரே கூரையின் கீழ்.

அங்கும் வழுக்கியது. 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கிய அதே நாளில் மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த தலித் மாணவி ஒருத்தி இறந்துபோனாள். வீட்டு டிவி ரிப்பேர், போன் இல்லை என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துப் பொதுப் படிப்பகங்கள் திறந்தார்கள். ஒரு உயிர் போன பிறகு கண்டுபிடித்த தீர்வு என்ன? ஓர் இடம். கூடி உட்கார ஓர் இடம். ஆளுக்கொரு கருவி என்பதைவிட, பிள்ளைகள் கூடுகிற இடத்தில் கருவி என்பது.

இன்று எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு முன்னால் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வாசல்கள் இருக்கின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பு இருக்கிறது. அதே நிறுவனம் மேல்நிலை மாணவர்களுக்கென்றே தரவு அறிவியலில் எட்டு வாரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. ஐஐடி வாசலைப் பார்க்காமலே அதன் வகுப்பில் உட்காரலாம் என்பது சின்ன விஷயமல்ல. சாசனத்தில் பெயர் இல்லாதவன் வீட்டுப் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுகிறது. இதை மறுக்கிற தூய்மைவாதம் எனக்கு இல்லை.

ஆனால் வாசலுக்கு வர வழி? பள்ளி மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டம் கொரோனா ஆண்டிலிருந்து நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கருவிகள் என்று அறிவித்தார்கள், கல்லூரி மாணவர்களுக்கு. மறுபடியும் அதே கோடு. டேட்டா கார்டு வந்தபோது விழுந்த அதே கோடு. ஆறு நாழிக்கும் குறுணிக்கும் நடுவில் விழுந்த கோட்டிலாவது இரண்டு பக்கமும் ஏதோ அளந்தார்கள். இங்கே பிளஸ் டூவின் பக்கம் வெறும் கை. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் கருவி கிடைக்கும். கல்லூரிக்குப் போய்ச்சேர வேண்டிய இரண்டு ஆண்டுகளில் கிடைக்காது.

என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஆன்லைன் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: விண்ணப்பம். பட்டாவுக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு, ஹால் டிக்கெட்டுக்கு. "ஆன்லைன்ல போட்டாச்சா தம்பி?" என்று கேட்பார்கள். போடுகிறவன் நான், காத்திருக்கிறவர்கள் அவர்கள். கணினிக்கு முன்னால் எப்போதும் மனுதாரராகவே நிற்கிற ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுப்பது என்றால், அந்த நிலையைத் திருப்பிப் போடுவது என்றுதான் அர்த்தம். இயந்திரத்திடம் கேட்பதை நிறுத்தி, அதற்குச் சொல்லத் தொடங்குவது. சொன்னதில் தப்பு வந்தால் வெட்கப்படாமல் மறுபடி சொல்வது.

ஆகவே இயக்கத் தோழர்கள் முன் ஒரு கோரிக்கை. இலவச டேட்டா, இலவசக் கருவி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவை வேண்டும்தான். கூடவே, பள்ளி விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் ஹைடெக் லேபைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள். நிரந்தரச் சம்பளத்தில் ஒரு கணினி ஆசிரியரை அங்கே உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஆன்லைனில் எந்த வகுப்பு வந்தாலும் வரட்டும். நாலு பிள்ளைகள் சேர்ந்து பார்க்கட்டும், நிறுத்தட்டும், தட்டிப் பார்க்கட்டும், தப்பு வரட்டும்.

போன மாதம் முதல் நான் என் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு இயந்திரங்களைச் சும்மா விட்டிருக்கிறேன். ஆறேழு பிள்ளைகள் வருகிறார்கள். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. போன வாரம் ஒருத்தி ஃபார் வரிக்குக் கீழே மூன்று இடம் மட்டும் விட்டு, அதற்கடுத்த வரிக்கு நாலு இடம் விட்டாள். திரையில் பிழை வந்தது. பக்கத்திலிருந்தவள் விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நான் எதுவும் சொல்லவில்லை.